நாலு டிகிரி அதிகம்

பணிப்பதிவேட்டின்படி அவர் மருத்துவமனையின் கிடங்குக் காப்பாளர், இரண்டாம் நிலை. வலது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு. 'கணினி அறிவு' என்ற கட்டத்துக்கு எதிரே 'இல்லை' என்று நீல மையில் எழுதியிருக்கிறது. 'பொழுதுபோக்கு' என்ற கட்டத்தில் 'பூப்பந்து'.

இரண்டையும் அவர் வேலைக்குச் சேர்ந்த அன்று, தலையை நிமிர்த்தாமலே எழுதிக்கொண்டிருந்த ஓர் எழுத்தர் நிரப்பினார். அப்போது கிடங்கில் கணினி இல்லை. இல்லாத பொருளைப் பற்றிய அறிவும் இருக்காது என்று அந்த எழுத்தர் முடிவு கட்டியிருக்க வேண்டும். பூப்பந்து, கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்பதற்காக. மட்டை என்று நம்மவர் இதுவரை கையில் எடுத்தது கொசு அடிக்கும் மின்சார மட்டையை மட்டும்தான். அதையும் கழற்றிப் பார்க்கத்தான்.

மருத்துவமனையில் அவரைக் 'கையேடு' என்று கூப்பிடுவார்கள். எந்தக் கருவி வாங்கினாலும் அதனுடன் வரும் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்துவிடுவார் என்பதால் வந்த பெயர். உண்மையில் பெயர் வைத்தவர்கள் அவரைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டார்கள். தான் வாங்காத கருவிகளின் கையேடுகளையும் அவர் இணையத்திலிருந்து இறக்கிவைத்துப் படிப்பார். அவரிடம் ஒரு கேமராகூடக் கிடையாது; நாற்பத்தொரு கேமராக்களின் கையேடுகள் உண்டு.

கிடங்கில் கையுறைப் பெட்டிகளுக்கும் பஞ்சுப் பொதிகளுக்கும் நடுவே அவருடைய மேசை. வார்டுகளிலிருந்து வரும் அழைப்பில் பாதி கையுறை கேட்டு வரும். மீதிப் பாதி வேறு மாதிரி.

"கையேடு சார், பிரிண்டர் பேப்பரை முழுங்கிடுச்சு."

"எத்தனை, சிஸ்டர்?"

"ஒண்ணுதான் சார்."

"அதுக்குள்ள என்ன அவசரம்? இன்னும் ரெண்டு முழுங்கட்டும், சேர்த்து எடுக்கலாம்."

சொல்வாரே தவிர, அடுத்த நிமிடம் மாடிப்படி ஏறிக்கொண்டிருப்பார். நான்காம் மாடியில் கணினிப் பிரிவு என்று ஒன்று மூன்று பேருடன் முறைப்படி இயங்குகிறது. அவர்களுக்குப் புகார் எழுதிப் போட்டால் மூன்றாம் நாள் வந்து, "ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா?" என்று கேட்பார்கள். அந்த மூவரும்கூடச் சிக்கலான நேரங்களில் கதவைச் சாத்திக்கொண்டு கிடங்குக்குத்தான் போன் செய்வார்கள்.

கருத்துகளுக்கு அவரிடம் பஞ்சமில்லை. பளபளக்கும் திரை முகம் பார்த்துத் தலை சீவத்தான் லாயக்கு என்பார். போனை நூறு விழுக்காடு வரை சார்ஜ் போடுகிறவர்களைப் பார்த்தால், குழந்தைக்கு மூக்குவரை ஊட்டுகிறவர்களைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். குரலுக்குப் பதில் சொல்லும் பெட்டிகளை வீட்டுக்குள் விட மாட்டார்: "கூப்பிட்டா கேக்குறது வேலையாள். கூப்பிடாதப்பவும் கேட்டுக்கிட்டே இருக்குறது ஒற்றன்." புது போன் வெளியாகும் நாளில் கடைவாசலில் வரிசை கட்டுகிறவர்களைக் கேலி செய்வார், அந்த வெளியீட்டு விழாவை நேரலையில் பார்ப்பதற்காக வயிற்றுவலி என்று அரைநாள் விடுப்பும் எடுப்பார். தட்டினால் சத்தம் வரும் கனமான விசைப்பலகைகள் நான்கு வைத்திருக்கிறார். எந்த விசை எத்தனை கிராம் அழுத்தத்தில் இறங்கும் என்று மணிக்கணக்கில் பேசுவார். தட்டச்சு செய்வது இரண்டு விரலால்.

அவருடைய சொந்த போன் ஆறு வருடப் பழசு. அடுத்த மாடல் வரட்டும் என்று காத்திருக்கிறார். அடுத்த மாடல் வந்ததும், அதற்கு அடுத்தது எப்படி இருக்கும் என்ற கசிவுச் செய்திகளும் வந்துவிடுகின்றன.

கருவி வெறியர்கள் கூடும் ஓர் இணையக் குழுவில் அவர் பதினான்கு வருடமாக எழுதிவருகிறார். அங்கே அவர் திரும்பத் திரும்பச் சொன்ன கருத்து ஒன்று உண்டு. நல்ல கருவி என்றால், எதுவுமே தெரியாத ஓர் ஆள் கடைக்குப் போய், கைக்கு வந்ததை வாங்கி வந்தாலும் அது ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். அந்தக் காலம் வர வேண்டும். இதற்கு அவர் நிறைய விருப்பக்குறிகள் வாங்கியிருக்கிறார். அந்தக் காலம் அவருடைய அக்கா வீட்டில் வந்து சேர்ந்தபோது அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

அக்கா மொழிபெயர்ப்பாளர். பிறப்புச் சான்றிதழ், விவாகரத்துத் தீர்ப்பு, வீட்டுப் பத்திரம் என்று வருவதையெல்லாம் மொழிபெயர்த்து, முத்திரை குத்தி, கையெழுத்திட்டுக் கொடுப்பவர். வேலை எல்லாம் வீட்டின் பக்கவாட்டு அறையில். இருபது வருடமாக அந்த வீட்டுக்குள் தம்பியைக் கேட்காமல் ஒரு மின்கம்பிகூட நுழைந்ததில்லை. துணி துவைக்கும் இயந்திரம் வாங்க நினைத்தபோது, கையேடு பதினேழு பத்திகள் கொண்ட ஒப்பீட்டு அட்டவணை தயாரித்தார். அட்டவணை முடிவதற்குள் முதலிடம் பெற்ற மாடலின் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். அக்கா மூன்று மாதம் கையால் துவைத்தார். ஆனாலும் கேட்பதை நிறுத்தவில்லை. கையேட்டின் வாழ்க்கையில் சம்பள உயர்வு மெதுவாக வந்தது, பதவி உயர்வு வரவேயில்லை. "டேய், எதை வாங்கலாம்னு பார்த்துச் சொல்லுடா" என்ற அக்காவின் குரல் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. சித்தி, சித்தப்பா, சம்பந்தி வீட்டார் எல்லோரும் அக்காவைப் பார்த்துத்தான் அவரிடம் கேட்க ஆரம்பித்தார்கள். சொத்து என்று அவர் எண்ணிக்கொண்டது இதை ஒன்றைத்தான்.

அக்காவின் பழைய கணினி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கண்ணை மூடியது. கையேடு அன்றே அட்டவணையைத் திறந்தார். பதினொரு நாள் உழைத்து, அறுபத்திரண்டு மாடல்களை மூன்றாகக் குறைத்து, தாளில் அச்சடித்து, ஒரு சனிக்கிழமை முற்பகல் அக்கா வீட்டுக்குப் போனார். பக்கவாட்டு அறையில் அக்கா தட்டச்சு செய்துகொண்டிருந்தார். மேசையில் புது மடிக்கணினி.

"இது என்னக்கா?"

"லேப்டாப்புடா. நீ பார்க்காததா?"

"யாரு வாங்கினது?"

"நம்ம தம்பிதான்."

அக்கா 'தம்பி' என்றால் அது கையேடு அல்ல. கையேடு எப்போதும் 'டேய்'தான். தம்பி என்றால் கொழுந்தன், அதாவது அத்தானின் கடைசித் தம்பி, நீச்சல் பயிற்சியாளர். தண்ணீருக்குள் எதையும் கொண்டுபோக முடியாததால் கருவிகள் மேல் பற்றே வைக்காத மனிதர். கழுத்தில் தொங்கும் விசில்தான் அவரிடமிருக்கும் உயர் தொழில்நுட்பம் என்று கையேடு ஒருமுறை சொல்லி, குடும்பமே சிரித்திருக்கிறது.

"என்னைக் கேக்கலையே?"

"கேட்டேனே. பதினொரு நாள் ஆச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு தத்தெடுப்புக் கோப்பு முடிச்சுத் தரணும். உங்க அத்தான் கம்ப்யூட்டர்ல உக்காந்தா அவர் பின்னாடி நின்னு பெருமூச்சு விடறார். தம்பி வந்தப்ப சும்மா சொன்னேன், நாப்பது நிமிஷத்துல வாங்கிட்டு வந்துட்டான்."

நாற்பது நிமிடம். கையேடு தன் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

சொல்லி வைத்ததுபோல நீச்சல்காரரும் வந்து சேர்ந்தார், ஈரத் தலையோடு. குளத்திலிருந்து நேரே வந்திருந்தார்.

"வாங்க மச்சான்! பார்த்தீங்களா? சரியா வாங்கியிருக்கேனா, சொல்லுங்க. பயந்துக்கிட்டே இருக்கேன்."

"எதை வச்சுத் தேர்ந்தெடுத்தீங்க?"

"கடையில இருந்த அம்மாகிட்டக் கேட்டேன். எங்க அண்ணிக்கு நாள் முழுக்க டைப் பண்ற வேலை, சத்தம் வரக் கூடாது, கண்ணு வலிக்கக் கூடாதுன்னேன். ரெண்டு எடுத்து வச்சாங்க. ஒண்ணு கனமா இருந்துச்சு."

"சரி, இன்னொண்ணு?"

"இதுதான்."

கையேடு மடிக்கணினியைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருந்த மாடல் எண்ணைப் பார்த்தார். அவருடைய மூன்றில் அது இல்லை. அறுபத்திரண்டில் இருந்தது, நான்காவதாக வந்து மயிரிழையில் வெளியேறியது. தவறான தேர்வு என்று சொல்லவும் முடியாது, சரி என்று சொல்ல வாயும் வராது.

"பரவாயில்லை," என்றார். அந்த ஒரு சொல்லுக்கு நீச்சல்காரர் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் அதையும் சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியது.

அடுத்த வாரம் கையேடு சரியாகவே இல்லை. கிடங்கில் கையுறை கேட்டவர்களுக்கு முகமூடி அனுப்பினார். மதிய உணவு நேரத்தில், அந்த மாடலைப் பற்றி வாங்கியவர்கள் எழுதிய விமர்சனங்களைத் தேடிப் படித்தார். நல்லதாக எழுதியவற்றைத் தாண்டிப் போனார். அவர் தேடியது வேறு. ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்த விமர்சனம் ஒன்று சிக்கியதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அட்டைப்பெட்டியின் மூலை நசுங்கி வந்ததாம்.

குடும்பத்தார் எல்லோரும் இருக்கும் போன் குழுவில் அக்கா புது மடிக்கணினியின் படத்தைப் போட்டிருந்தார். "சத்தமே இல்லை. தம்பிக்கு நன்றி" என்று கீழே ஒரு வரி. கையேடு துணி துவைக்கும் இயந்திரத்துக்குக் கிடைத்த நன்றியை நினைவுபடுத்திப் பார்த்தார். "ஒருவழியா வந்துச்சு" என்றுதான் அக்கா எழுதியிருந்தார். மடிக்கணினிப் படத்தின் கீழ் சித்தி வந்து நீச்சல்காரரிடம் கேட்டார்: "எனக்கும் ஒரு போன் பார்த்துச் சொல்லுப்பா." சித்தியின் முந்தைய மூன்று போன்களும் கையேடு பார்த்துச் சொன்னவை. அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு நிமிர்த்தி, நீச்சல்காரர் என்ன பதில் எழுதுகிறார் என்று பார்த்தார். "கடைக்குக் கூட்டிட்டுப் போறேன் அத்தை" என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான். இதற்கு ஓர் அட்டவணை உண்டா, அளவுகோல் உண்டா? ஆளையே கூட்டிக்கொண்டு கடைக்குப் போவதை ஒரு முறை என்று எப்படி எடுத்துக்கொள்வது?

புதன்கிழமை அக்கா வீட்டில் தேநீர் குடிக்கும் சாக்கில் உட்கார்ந்து, மடிக்கணினியின் உள்வெப்பத்தை அளக்கும் மென்பொருளை ஓடவிட்டார். விமர்சனங்களில் சொன்னதைவிட நாலு டிகிரி அதிகம். அவருக்கு மூச்சே அப்போதுதான் சீராக வந்தது.

"நான் நினைச்சேன்," என்றார்.

"என்னடா?"

"உள்ள ப்ராசசர் இருக்குல்ல, அதுக்கு மேல ஒரு செம்புத் தகடு உக்காந்திருக்கும். நடுவுல சூட்டைக் கடத்தறதுக்கு ஒரு பேஸ்ட் பூசுவாங்க. அதை ஒழுங்காப் பூசலை. நாலு டிகிரி அதிகமாக் காட்டுது."

"எனக்கு ஒண்ணும் சுடலையே."

"உனக்குச் சுடாது. அதுக்குச் சுடும்."

"அது சொல்லுச்சா?"

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு மணி நேரம் குடு. திறந்து புது பேஸ்ட் போட்டுத் தரேன். கடையில பார்த்து எடுத்தவங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்க நியாயமில்லை."

கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அதற்காகத்தான் மற்ற வாக்கியங்கள் எல்லாம் வந்தன.

ஞாயிறு மதியம் கையேட்டின் வீட்டுச் சாப்பாட்டு மேசை அறுவை அரங்கமானது. மனைவி தட்டுகளை எடுத்துக்கொண்டே கேட்டார்: "நல்லா ஓடறதை எதுக்குங்க நிறுத்தறீங்க?"

"நல்லா ஓடலை. நாலு டிகிரி அதிகமா ஓடுது."

"நீங்களும் ஒரு வாரமா அப்படித்தான் ஓடறீங்க. உங்களை யாரு திறக்கிறது?"

 கையேடு வேலையில் இறங்கினால் சுத்தம். ஒரு வெள்ளைத் தாளில் மடிக்கணினியின் அடிப்பக்கத்தை வரைந்தார். பத்துத் திருகாணிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, அது எந்தத் துளையிலிருந்து வந்ததோ தாளில் அந்த இடத்தில் வைத்தார். பின்புறத்து ஐந்தும் நீளம், முன்புறத்து ஐந்தும் குட்டை. வித்தியாசம் மூன்று மில்லிமீட்டர். கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். நீளத்தைக் குட்டைத் துளையில் போட்டால் என்ன ஆகும் என்று அவரே இணையக் குழுவில் படங்களோடு எழுதியிருக்கிறார்.

பழைய பசையைத் துடைத்தார். புதுப் பசையைத் தேய்க்காமல், அரிசி அளவு நடுவில் வைத்து, மெல்லிய தகட்டால் நான்கு மூலைக்கும் இழுத்தார். ஒரு துளி வெளியே வழியவில்லை. அந்த நிமிடம் அவர் யார் மேலும் பொறாமைப்படவில்லை என்றே சொல்லலாம்.

அப்போது போன் ஒலித்தது. குடும்பக் குழுவில் சித்தி தன் புது போனில் எடுத்த முதல் படம். சித்தியும் நீச்சல்காரரும் கடைவாசலில் நின்று சிரிக்கிறார்கள். "அரை மணியில் வேலை முடிந்தது. எங்கள் வீட்டு விஞ்ஞானி!" என்று எழுதி, ஏழு பூங்கொத்துகள். உடனே சித்தப்பா இரண்டு கைதட்டல் போட்டார்.

விஞ்ஞானி! விசில் ஊதுகிறவன் விஞ்ஞானி. கையேடு எழுந்து கூடத்தைச் சுற்றி இரண்டு நடை நடந்தார். இன்னும் யார் யார் என்னென்ன சொல்லப்போகிறார்கள் என்று பார்க்காமலும் இருக்க முடியவில்லை. போன் மேசையின் எதிர்ப்பக்கம் சார்ஜில் கிடந்தது. அந்தப் பக்கத்து நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தார். மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். தாளைத் திருப்பவில்லை.

ஒரு கண் போனில், ஒரு கண் வேலையில். மூடியைப் பொருத்தி, தாளில் தனக்கு அருகே இருந்த திருகாணிகளை எடுத்து, மடிக்கணினியில் தனக்கு அருகே இருந்த துளைகளில் முடுக்கினார். மூன்றாவது திருகாணி கடைசி அரைச் சுற்றில் முரண்டு பிடித்தது. வேறு நாளாக இருந்தால் நிறுத்தியிருப்பார். அன்று சித்தப்பாவின் மூன்றாவது கைதட்டல் வந்தது. அழுத்தி முடுக்கினார். உள்ளே 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம்.

மடிக்கணினி எழுந்தது. வெப்பம் நாலு டிகிரி குறைந்திருந்தது. விசைப்பலகையின் வலது பாதி செத்திருந்தது. மேல்பலகைக்கு அடியில் ஓடும் மெல்லிய நாடா வயரை நீளத் திருகாணி துளைத்துவிட்டது என்று புரிய அவருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. திருகாணிகளைக் கழற்றி, அததற்கு உரிய இடத்தில் மாற்றிப் போட்டார். விசைகள் திரும்பி வரவில்லை.

மாலையில் அக்கா வீட்டுக்கு அவர் மடிக்கணினியோடு தன் விசைப்பலகை ஒன்றையும் எடுத்துப்போனார். படியேறும்போதுகூட உண்மையைச் சொல்வதாகத்தான் இருந்தார். உள்ளே நீச்சல்காரர் நாற்காலியில் சாய்ந்து, சித்தி போன் வாங்கிய கதையைச் சொல்லி அத்தானைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார்.

"கீபோர்டு பாதி போயிடுச்சுக்கா," என்றார் கையேடு.

"நீ திறந்ததுலயா?"

"இந்த மாடல்ல இது வர்ற பிரச்சினைதான். உள்ள வயரிங் சரியில்லை. நான் திறக்கலைன்னாலும் ஒரு மாசத்துல போயிருக்கும்."

நீச்சல்காரரின் சிரிப்பு பாதியில் நின்றது. "ஐயோ, என் தப்பு அண்ணி," என்றார். "தெரியாத வேலையில நான் தலையிட்டிருக்கக் கூடாது. மச்சானைக் கேக்காம வாங்கிட்டேன்."

"அட, நீ என்னப்பா பண்ணுவே," என்றார் அக்கா. ஆனால் குரலில் முன்பிருந்த பூரிப்பு இல்லை. கையேடு அதைக் கவனித்தார். கவனிக்கத்தான் காத்திருந்தார்.

அதற்கடுத்த நாட்கள் அவருடைய வாழ்க்கையின் நல்ல நாட்களில் சேரும். அக்கா அவருடைய விசைப்பலகையைச் செருகி, வீடே அதிரும்படி தட்டி வேலை செய்தார். "குதிரை ஓடற மாதிரி இருக்குடா, உங்க அத்தான் கதவைச் சாத்திட்டுப் படுக்கறார்," என்று போனில் சொன்னபோதுகூட அது அவர் காதுக்குக் குறையாகப் படவில்லை. குடும்பக் குழுவில் கைதட்டல்கள் அடங்கின. சித்தி தனியாகக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, என் போனும் அவன் பார்த்து வாங்கினதாச்சே. இதுவும் பாதி போயிடுமா?"

"பார்க்கணும் சித்தி. கொண்டு வாங்க, பார்த்துச் சொல்றேன்."

'பார்த்துச் சொல்றேன்.' எத்தனை நாளாயிற்று இந்த இரண்டு சொற்களைச் சொல்லி! கிடங்கில் அன்று எல்லோருக்கும் கேட்டதைவிட ஒரு பெட்டி கையுறை கூடுதலாகக் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை நீச்சல்காரர் போன் செய்தார். "மச்சான், லேப்டாப்புக்கு ஒரு வருஷ வாரண்டி இருக்காம். நாளைக்கு சர்வீஸ் சென்டருக்குப் போறேன். எனக்கு அவங்க பாஷை புரியாது. நீங்க கூட வந்து பேசினீங்கன்னா நல்லாருக்கும்."

வர முடியாது என்பதற்கு அவர் எந்தக் காரணத்தையும் தயாரிக்கவில்லை. ஆறு நாள் சந்தோஷத்தில் அது தோன்றவேயில்லை.

சர்வீஸ் சென்டர் ஒரு நீண்ட அறை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு பெண்மணி, நெற்றியில் பூதக்கண்ணாடி விளக்கோடு உட்கார்ந்திருந்தார். மடிக்கணினியை வாங்கி, பத்துத் திருகாணிகளையும் மளமளவென்று கழற்றி, மூடியை எடுத்து, விளக்கை இறக்கிப் பார்த்தார். பிறகு விளக்கை ஏற்றி இருவரையும் பார்த்தார்.

"இதை யாரு திறந்தது?"

கையேடு சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"நீளமான ஸ்க்ரூவை முன்பக்கத்து ஓட்டையில போட்டு முடுக்கியிருக்காங்க. கேபிள்ல ஓட்டை விழுந்திருக்கு, பாருங்க. அப்புறமா மாத்திப் போட்டிருக்காங்க. இது கம்பெனித் தப்பு இல்லை. வாரண்டியில வராது."

நீச்சல்காரர் கேபிளைப் பார்த்தார். கையேட்டைப் பார்த்தார். கையேட்டின் காதுகள் சிவந்திருந்தன. நீருக்கடியில் தவிக்கிறவர்களைக் கரையிலிருந்தே கண்டுபிடிப்பது நீச்சல்காரரின் தொழில்.

"நான்தாங்க திறந்தேன்," என்றார் அவர். "சும்மா உள்ள என்ன இருக்குன்னு பார்க்கலாம்னு."

கையேட்டுக்கு உயிர் வந்தது. தப்பித்தாயிற்று. இனி வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். எதிராளி தானாகவே வந்து பழியைத் தோளில் போட்டுக்கொண்டிருக்கிறார். தனக்கு முன்பே அவர் திறந்து பார்த்தார் என்றுதான் அக்கா காதில் விழும். இதைவிட என்ன வேண்டும்?

பெண்மணி மறுபடியும் விளக்கை இறக்கினார். செம்புத் தகட்டைக் கழற்றி, முகத்தை இன்னும் கிட்டத்தில் கொண்டுபோனார்.

"ஆனா ஒண்ணு சொல்லணும் சார்," என்று நீச்சல்காரரிடம் சொன்னார். "பேஸ்ட் நீங்களா போட்டீங்க?"

"ஆமா... நான்தான்."

"எங்க ஆளுங்களே இப்படிப் போட மாட்டாங்க. ஓரத்துல ஒரு பிசிறு இல்லை. இங்க வா," என்று பின்னாலிருந்த சக ஊழியரைக் கூப்பிட்டார். "இதைப் பாரேன். சார் வீட்ல உக்காந்து போட்டிருக்கார்." அவரும் வந்து குனிந்து பார்த்து, நீச்சல்காரரை மரியாதையோடு பார்த்தார். "எங்க கத்துக்கிட்டீங்க சார்?"

நீச்சல்காரர் கூச்சத்தோடு சிரித்தார். "அது... சும்மா, தானாவே..."

தானாகவே! பதினான்கு வருட இணையக் குழு. கழற்றிப் பூட்டிய எழுபது மடிக்கணினிகள். அரிசி அளவா பட்டாணி அளவா என்று மூன்று நாள் நடந்த விவாதம். அத்தனையும் ஈரத்தலையன் ஒருவனுக்குத் தானாகவே வந்துவிட்டது.

"அதைப் போட்டது நான்," என்றார் கையேடு.

மூவரும் திரும்பினார்கள்.

"விடுங்க மச்சான்," என்று நீச்சல்காரர் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"என்னத்தை விடறது? உங்களுக்கு அந்த ட்யூபைத் திறக்கத் தெரியுமா? நான் போட்டது. நாலு மூலைக்கும் தகட்டால இழுத்தேன்."

"அப்ப ஸ்க்ரூ?" என்று கேட்டார் பெண்மணி.

அந்தக் கேள்வி வரும் என்று அவர் யோசித்திருக்கவில்லை. வாய் முந்திக்கொண்டது, புத்தி பின்னால் வந்தது.

"அதுவும் நான்தான்," என்றார்.

பெண்மணி இரண்டு முகங்களையும் பார்த்துவிட்டு, மேல்பலகையை விசைப்பலகையோடு மாற்ற வேண்டும், பாகம் வரப் பத்து நாளாகும் என்றார். கையேடு தன் அட்டையை எடுத்து நீட்டினார். ரசீதில் கையெழுத்துப் போட்டார். பசையைப் பற்றி அதன் பிறகு யாரும் எதுவும் பேசவில்லை.

வெளியே தெருவோரம் இருவரும் பேருந்துக்காக நின்றார்கள்.

"அண்ணிகிட்ட நான் சொல்லிக்கிறேன் மச்சான்," என்றார் நீச்சல்காரர். "கடையில வச்சு எடுக்கறப்பவே ஏதோ ஆயிருக்குன்னு சொல்லிடறேன். அண்ணி ஒண்ணும் நினைக்க மாட்டாங்க."

அவர் மனதாரத்தான் சொன்னார். அதுதான் கையேட்டுக்கு நெஞ்சில் தைத்தது. இதிலும் இவனே நல்லவனாகிவிடுவான். போனை எடுத்து, பேருந்துச் சத்தத்தின் நடுவே, அக்காவைக் கூப்பிட்டார்.

"அக்கா, நான்தான் கெடுத்தேன். ஸ்க்ரூவை மாத்திப் போட்டுட்டேன். லேப்டாப் மேல தப்பில்லை."

மறுமுனையில், அத்தானின் கணினியில் செருகிய விசைப்பலகையின் சத்தம் நின்றது.

"ஆறு நாளா அந்தப் புள்ள மூஞ்சி தொங்கிப்போய்க் கிடந்துச்சு," என்றார் அக்கா. "பார்த்துக்கிட்டுதானே இருந்தே?"

"ஆமா."

"எதுக்குடா?"

நீச்சல்காரர் நாசூக்காகப் பத்தடி தள்ளிப் போய், எதிர்ச் சுவரில் இருந்த விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

"நீ அவனைக் கேட்டியே," என்றார் கையேடு.

 அக்காவின் வழக்கமான குரல் திரும்பி வந்தது. "சரி, பாகம் எப்ப வரும்?"

"பத்து நாள்."

"அதுவரைக்கும் உங்க அத்தான் கம்ப்யூட்டர்லயே இந்தக் குதிரையை ஓட்டறேன். அப்புறம், எனக்கு ஒரு ஸ்கேனர் வேணும். பழையது கோடு கோடா எடுக்குது. யாரைக் கேக்கட்டும்? நீயே சொல்லு."

ஸ்கேனர்களைப் பற்றி கையேட்டிடம் இரண்டு வருடமாகத் தயாராக இருக்கும் ஓர் அட்டவணை உண்டு. முதலிடத்தில் எது, ஏன், அதன் மேல்மூடி எத்தனை டிகிரி திறக்கும் என்பதுவரை அவருக்கு மனப்பாடம். வாய்வரை வந்தது.

"அவனையே கேளுக்கா. நாளைக்கே வாங்கிடுவான்," என்றார்.

பேருந்து வந்தது. கையேடு போனை வைத்துவிட்டு, நீச்சல்காரரிடம், அக்காவுக்கு ஒரு ஸ்கேனர் வேண்டுமாம் என்று சொன்னார்.